உன் பெயருக்கு நான் போடப்போகும் கறுப்புக் குண்டு

கார்த்திகை 12

சேதுவுக்கு,

குசலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். உன்மேல் எனக்குள்ள குறைகளை முதலில் தேதிவாரியாக எழுதுகிறேன். நீ வழக்கறிஞன், எண் போட்டுக் கொடுத்தால் பதில் சொல்ல உனக்கும் வசதியாக இருக்கும்.

1. ஆவணி 14: பாம்பன் கடற்கரையில் நடந்த மீனவர் கூட்டத்தில், "சட்டசபையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் தலைவெட்டிக் கோயில்காரர்கள், அந்தக் கதவு திறக்காதவனுக்கு அரசியலில் வழி இல்லை" என்று ஒலிபெருக்கியில் பேசினாய். அந்தத் தலைவெட்டிக் கோயிலில் உன் தகப்பன் உறுப்பினன் என்பது உனக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும்.

2. புரட்டாசி 6: தங்கச்சிமடம் மிக்கேலும் சில படகுக்காரர்களும் இராமநாதபுரத்தில் உன் அலுவலகத்துக்கு வந்து, வரும் பொதுத்தேர்தலில் தங்கள் வேட்பாளராகச் சுயேச்சையாக நிற்கும்படி உன்னைக் கேட்டார்கள். மற்ற வழக்குக்காரர்கள் போகும்வரை அவர்களை வாசலில் நிற்கவைத்துவிட்டு, கட்சி டிக்கெட் இல்லாமல் நிற்பது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லி அனுப்பினாய்.

3. ஐப்பசி 9: மதுரைக்குப் போய், மேடையில் நீ பழித்த அதே தலைவெட்டிக் கோயில் சபையில் சேர விண்ணப்பித்தாய். முன்மொழியும்படி நீ கேட்டது என் நண்பர் வக்கீல் நடராசனை. என்னை அல்ல.

4. தீபாவளியன்று: என் வீட்டில், என் இலைக்கு அடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாய். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

5. கார்த்திகை 3: விஷயம் அய்யாவுக்குத் தெரிந்துவிட்டதா என்று உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். என்னிடம் கேட்கவில்லை.

கத்துகிற கோபம் எனக்கு எப்போதும் வந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். வருகிற கோபம் ஆறுவதற்கு நாளாகும் என்பதும் தெரியும். ஆகவே இதை ஆத்திரத்தில் கிறுக்கியதாக எடுத்துக்கொண்டு மடித்து வைத்துவிடாதே. மூன்று முறை திருத்தி எழுதிய கடிதம் இது. நீ பேசியது பொதுக்கூட்டத்தில். அதைக் கேட்டவர்கள் என் பக்கத்தையும் படிக்கட்டும் என்பதால் மறைவில்லாமல் எழுதுகிறேன். ஜில்லாப் பத்திரிகை ஒன்று இதை அச்சிடச் சம்மதித்திருக்கிறது. எப்போது, எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

படிப்பவர்களுக்காக ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். தலைவெட்டிக் கோயில் என்று நம் பக்கத்தில் சொல்வது, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த பிரீமேசன் என்ற சகோதரச் சபையை; அதில் சேர்ந்தவர்களை மேசன்கள் என்பார்கள். சன்னல் அடைத்த கட்டடம், வாசலில் வாளோடு ஒரு காவலர், உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்ற உறுதிமொழி. இவை மூன்றும் சேர்ந்தால், உள்ளே தலையை வெட்டுகிறார்கள் என்றுதான் சனங்கள் முடிவுகட்டுவார்கள். மீன்வளத் துறையில் நான் சேர்ந்த புதிதில், என் மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் என்னை அங்கே அழைத்துப்போனார். அவர் சுதந்திரம் வந்ததும் கப்பலேறிவிட்டார், நான் தங்கிவிட்டேன். மாதம் ஒரு சனிக்கிழமை ரயிலேறி மதுரைக்குப் போகிறேன், வருகிறேன். தலை இன்னும் கழுத்தின்மேல்தான் இருக்கிறது.

பாம்பன் கூட்டத்தில் நீ அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் என்ன நடந்தது என்பதை மிக்கேல் என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லத் தேவையில்லை, கடற்கரை முழுவதும் ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தது. கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்தவர் அவர்தான். "ஏய்யா வக்கீல் தம்பி, ஒங்க அய்யாவும் வருசக்கணக்கா அங்கனதான போய்ட்டு வாராக. அவுகள ஏன் இன்னும் மந்திரி ஆக்கல?" என்று கேட்டார். நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாய். அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது. சட்டம் படித்தவன் அதற்கு நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். நீ சொல்லாததால் நான் சொல்கிறேன்.

அரசியல்வாதிகளில் மேசன்கள் அளவுக்கு மீறி இருக்கிறார்களா? இருக்கிறார்கள். இதை மறுத்துச் சபையின் மானத்தைக் காப்பாற்ற எனக்கு விருப்பமில்லை. வெள்ளைக்காரன் காலத்து ஜில்லா போர்டில் எனக்கு முகம் தெரிந்தவர்களை எண்ணிப் பார்த்தால், விரல் மடக்கும்போது சபையில் பார்த்த முகங்கள் அடிக்கடி வருகின்றன. நம் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்குக் கீழே உழுகிற அத்தனை ஊர்களிலும் தேடினால் என்னைத் தவிர இன்னொரு மேசன் அகப்படமாட்டான். ஊரில் தேடினால் இல்லாதவர்கள் போர்டில் மட்டும் எப்படி இத்தனை பேர் என்று நீ கேட்டது நியாயமான சந்தேகம். சந்தேகப்பட்டதற்காக நான் உன்னைக் குறை சொல்லவில்லை. அரைகுறையாகச் சந்தேகப்பட்டுவிட்டு அதை முடிவாக மேடையில் அறிவித்ததற்காகச் சொல்கிறேன்.

நான் இத்தனை வருடம் செய்த வேலையை நினைத்துப் பார். எந்தப் படகுத்துறையில் என்ன மீன் விழுகிறது, எவ்வளவு விழுகிறது, என்ன அளவில் விழுகிறது என்று பார்த்துப் பதிவதுதான் என் வேலை. அந்த வேலைக்கு வருகிற எந்த இளைஞனும் முதல் மாதத்தில் ஒரு தப்புச் செய்வான். பெரிய கண்ணி வலை போட்ட படகு கரையேறும். உள்ளே எல்லாம் பெரிய மீனாகக் கிடக்கும். உடனே இந்தக் கடலில் பெரிய மீன்தான் இருக்கிறது என்று எழுதிவிடுவான். நெத்திலி, சூடை போன்ற பொடிமீன்கள் கண்ணித் துளை வழியாகப் போய்விட்டன என்பது அவனுக்குத் தோன்றாது. வலையைப் பார்க்காமல் மீனைப் பார்த்தால் கடலைப் பற்றித் தப்பாகத்தான் எழுத முடியும். நீயும் அதைத்தான் செய்தாய். அந்தக் காலத்து வலையின் கண்ணி எது? வரி கட்டுகிற அளவுக்குச் சொத்து இருந்தவனுக்குத்தான் ஓட்டு. இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன்தான் போர்டில் வாய் திறக்க முடியும். நம் ஜில்லாவின் கலெக்டர் கச்சேரியே இந்த ஜில்லாவில் இல்லை, மதுரையில் இருக்கிறது. அடிக்கடி மதுரைக்கு ரயிலேறவும் அங்கே தங்கவும் வசதி உள்ளவன்தான் அரசியல் செய்ய முடியும். சொத்து, இங்கிலீஷ், மதுரையில் கழிக்க ஒரு மாலைப்பொழுது. சபையில் சேரவும் இந்த மூன்றும்தான் வேண்டியிருந்தன. ஒரே கண்ணியில் இரண்டு வலை பின்னினால் இரண்டிலும் ஒரே மீன்தான் விழும். மதுரையில் அந்த மூன்றும் உள்ள வக்கீல்களையும் மிராசுகளையும் வியாபாரிகளையும் மட்டும் எடுத்து எண்ணிப் பார். போர்டில் இருந்தவர்களிலும் இல்லாதவர்களிலும் மேசன்கள் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் இருப்பார்கள். நான் எண்ணிப் பார்த்தவன். என் கண்ணுக்கு எட்டிய வட்டம் சிறியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இது பெரிய காரணம். சின்னக் காரணங்களும் உண்டு. சில மனிதர்களுக்கு எதிலாவது சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கம், கோயில் திருப்பணிக் கமிட்டி, டென்னிஸ் கிளப், சபை, கட்சி. அவர்கள் ஓரிடத்தில் இருந்ததால் இன்னோரிடத்துக்குப் போனவர்கள் அல்ல, எங்கும் போகிறவர்கள். பிறகு, சபையில் ஒருவன் வருடத்துக்கு ஒரு படியாக ஏறித்தான் தலைமை நாற்காலிக்கு வர முடியும். அதற்குள் எழுந்து நின்று பேசவும், தன் முறை வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கவும், பிடிக்காதவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் பழகிவிடுகிறான். அரசியலுக்கு இது மோசமான பயிற்சி இல்லை. இன்னொன்று, கதவு மூடியிருப்பதால் சனங்கள் எண்ணுகிறார்கள். ஒரு மந்திரி மேசன் என்றால் ஊரெல்லாம் பேச்சு. இன்னொரு மந்திரி மேசன் இல்லை என்று யாராவது வந்து சொல்லிக் கேட்டிருக்கிறாயா?

இவ்வளவும் சொல்லிவிட்டு, சபைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று நான் சொன்னால் அது பொய். அரசியலையும் மதத்தையும் சபைக்குள் பேசக் கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதி மீறப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் இரவுச் சாப்பாடு முடிந்து ரயில் நிலையத்துக்கு வந்த பிறகு, வண்டிக்காகக் காத்திருக்கும் சபைக்காரர் இருவர், நம் பக்கத்துக்கு யாரை நிறுத்தலாம் என்று ஒரு சோடா குடித்து முடிப்பதற்குள் முடிவு செய்ததை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. யாரையும் ஒழிக்கத் திட்டம் போடவில்லை. தெரிந்த முகம் ஒன்று கையருகே இருந்தது. தெரியாத முகத்தைத் தேடிப் பாம்பனுக்கும் முதுகுளத்தூருக்கும் போக அவர்களுக்குச் சோம்பலாக இருந்தது. அவ்வளவுதான். சதி என்று நீ மேடையில் சொன்னது உண்மையில் இந்தச் சோம்பல். சதிகாரனை ஒருநாள் பிடித்துவிடலாம். சோம்பேறிக்குத் தான் என்ன செய்தோம் என்பதே தெரியாது. என் கோபம் உன்மேல் மட்டும் இல்லை என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்.

ஐப்பசிக் கடைசிச் சனிக்கிழமை மதுரையிலிருந்து திரும்பும்போது நடராசனும் நானும் ஒரே பெட்டியில் வந்தோம். பரமக்குடி வரை நெசவுக்காரர்களின் துணிமூட்டைகள் காலடியில் கிடந்ததால் பேச முடியவில்லை. அங்கே மூட்டைகள் இறங்கியதும் காலை நீட்டிக்கொண்டு மிகவும் சந்தோஷமாக ஆரம்பித்தார். "ஒம்ம பையன் வெவரமானவன்யா. நேரா வந்தான், முன்மொழியணும்னான். தேர்தலுக்கு முன்னால உள்ள வந்துட்டான்னா நாலு பெரிய மனுசனுக்கு முகம் தெரிஞ்சிரும்ல? டிக்கெட் வீடு தேடி வரும்" என்றார். எனக்கு இது தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் எதற்காகச் சேர விரும்புகிறான் என்று கேட்டீரா என்றேன். "எல்லாரும் எதுக்கு வாராகளோ அதுக்குத்தான்" என்றார். அதன்பிறகு இராமநாதபுரம் வரும்வரை சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவர் மனம் புண்பட்டிருக்கும். படட்டும்.

எல்லாரும் அதற்காக வருவதில்லை, சேது. நான் சேர்ந்த அன்று நடந்த ஒன்றைச் சொல்கிறேன்; இதைச் சொல்வதால் எந்த ரகசியமும் போய்விடாது. புதிதாக வருகிறவன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. மோதிரம், கடிகாரம், சில்லறை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடைமையோடு வராதே, வெறும் மனிதனாக வா என்று அர்த்தம். நான் எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருக்கிறது. அது கழலவில்லை. சின்ன வயதில் போட்டது. திருகு அழுக்கேறி இறுகிப்போயிருந்தது. அது என்ன பதக்கமா, ஆயுதமா என்று வெள்ளைக்கார அதிகாரி குனிந்து பார்க்கிறார். உள்ளே சடங்குக்கு எல்லோரும் காத்திருக்கிறார்கள். வாசலில் வாளோடு நின்ற காவலர் மதுரைக்காரர்; அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இடுக்கி ஒன்றைத் தேடி எடுத்துவந்து அதை வெட்டினார். "ஆம்பளை இடுப்பு வெறுமனே இருக்கக் கூடாதுய்யா, கருப்பட்டி மூட்டை கட்டுன கயிறுதான் கெடக்கு" என்று ஒரு கறுப்புக் கயிற்றையும் கட்டிவிட்டார். அந்தக் கயிற்றோடு உள்ளே போய்த்தான், எந்த ஆதாயத்தையும் எதிர்பார்த்து வரவில்லை, என் சொந்த விருப்பத்தால் வந்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீயும் அதே வார்த்தைகளைச் சொல்ல வேண்டியிருக்கும். எந்த வாயால் சொல்வாய்?

இப்போது கறுப்புக் குண்டுக்கு வருகிறேன். ஒருவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைச் சபை ரகசிய வாக்கால் முடிவு செய்கிறது. ஒரு பெட்டி சுற்றிவரும். கோலிக்குண்டு அளவில் வெள்ளையும் கறுப்பும் இருக்கும். கையைப் பெட்டிக்குள் விட்டு ஏதாவது ஒன்றைப் போட வேண்டும். போட்டது எது என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. எங்கள் சபை விதிப்படி ஒரு கறுப்பு விழுந்தாலும் அவர் சேர முடியாது. உன் பெயர் மார்கழி முதல் சனிக்கிழமை பெட்டிக்கு வருகிறது. நான் கறுப்பைப் போடுவேன். நான் சொல்லாமல் இருந்தால், அந்தக் கை யாருடையது என்று உனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. நடராசனைச் சந்தேகப்பட்டிருப்பாய், என்னிடம் வந்து ஆறுதல்கூடக் கேட்டிருப்பாய். அப்படியே செய்துவிட்டு வரத்தான் முதலில் நினைத்தேன்.

தடுத்தது உன் அம்மா. முற்றத்தில் மிளகாய் வத்தலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவளிடம் என் முடிவைச் சொன்னேன். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "எதுத்து நிக்கிறதுன்னா அவன் மொகத்துக்கு நேரா சொல்லிட்டு நில்லுங்க. ஒளிஞ்சிருந்து பிள்ளை மேல கல்லெறிஞ்சிட்டு வந்து எங்கிட்டச் சோறு கேக்காதீக" என்றாள். அவள் சொன்னது சரி. வாக்கின் ரகசியத்தை வெளியே சொல்வது சபையின் விதிக்கு விரோதம். அதற்குச் சபை என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று தலைவருக்கு எழுதிவிட்டேன். வெளியே அனுப்பினால் ரயில் செலவு மிச்சம் என்கிறாள் உன் அம்மா.

நீ யோசிக்காத ஒன்று இருக்கிறது. கோபத்தை ஒதுக்கிவிட்டு, உன் தொழிலுக்குரிய நிதானத்தோடு இதைப் படி. போன வாரம் மிக்கேல் இரண்டு பஸ் மாறி நம் ஊருக்கு வந்தார். நீ விண்ணப்பித்த சேதி அவருக்கும் எட்டியிருக்கிறது. வழக்கமான கிண்டல் இல்லை. கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார். அவரும் அவருடைய சனங்களும் கத்தோலிக்கர்கள்; கத்தோலிக்கர்கள் எங்கள் சபையில் சேரக் கூடாது என்பது அவர்களுடைய திருச்சபையின் சட்டம். சேர்ந்தவர் திருச்சபைக்குப் புறம்பாவார். பாம்பன் தீவில் எந்தப் பங்குச் சாமியார் வந்தாலும் இதைச் சொல்லாமல் போவதில்லை. அப்படியானால் இத்தனை வருடம் என்னோடு எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டேன். "நீங்க எங்ககிட்ட ஓட்டா கேட்டீக? மீனத்தான எண்ணுனீக" என்றார். பிறகு, "தம்பி அங்கன போய்ச் சேந்துட்டு வந்து கூட்டத்துல கும்பிட்டா, நாங்க கோயில்ல சாமியார் மொகத்த எப்பிடிப் பாக்குறது? சேர்ற வரைக்கும் தம்பி எங்க ஆளு. சேந்துட்டா நாங்க வேற ஆளு தேடணும்யா. கிறிஸ்துமஸுக்கு முன்னால முடிவு சொல்லிருங்க" என்றார்.

யோசித்துப் பார். மதுரையில் நாலு பேருக்கு முகம் தெரிய வேண்டும் என்பதற்காக, கடற்கரை முழுவதும் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் செய்துகொள்ளப் போகிறாய். உனக்கு ஓட்டுப் போடத் தயாராக இருக்கும் சனங்கள் எந்தக் கதவுக்குள் போகவே கூடாதோ, அந்தக் கதவு வழியாக அவர்களுக்குப் பிரதிநிதியாகப் போகப் பார்க்கிறாய். நம்மைப் போலக் கடலுக்கு எட்ட இருக்கும் உள்நாட்டு ஊர்க்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. கடலோரத்தில் பிறந்த எந்தப் பையனும் இதைச் செய்யமாட்டான். பெரிய மனிதர்களில் மேசன்கள் ஏன் இத்தனை பேர் என்று கேட்டாயே, அதற்கான இன்னொரு பதிலும் இதில் இருக்கிறது. அந்தத் தீவிலிருந்து இதுவரை ஒருவரும் பெரிய மனிதராக அனுமதிக்கப்படவில்லை. அனுமதிக்கப்படும் நாளில் உன் கணக்குத் தானாக மாறும்.

அது மாற ஆரம்பித்துவிட்டது என்பதை நான் கண்ணால் பார்த்தவன். அதனால்தான் இந்தக் கடிதத்தில் கோபத்தைவிட நம்பிக்கை அதிகம் இருக்கிறது. உனக்கு அது தெரியாவிட்டால் என் எழுத்தின் குறை. முதல் பொதுத்தேர்தலில் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் எனக்கு வாக்குச்சாவடி வேலை போட்டார்கள். சொத்துக் கேட்காமல், படிப்புக் கேட்காமல், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. காலையிலேயே வரிசை வேலிக்கு வெளியே போய்விட்டது. பத்து மணிவாக்கில் அந்த ஊர் மிராசுதார் வந்தார். ஜில்லா போர்டில் இருந்தவர். என் சபைச் சகோதரர். என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். உள்ளே கூப்பிடு என்று அர்த்தம். நான் வரிசையின் கடைசியைக் கையால் காட்டினேன். போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவன் அவருடைய பண்ணையில் ஏர் பிடிப்பவன். அவன் திரும்பிப் பார்த்தான். விலகி வழிவிடப் போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். மிராசுதாரும் நினைத்திருப்பார், ஒரு காலை முன்னே எடுத்து வைத்தார். அவன் தோள்துண்டை எடுத்து, "வெயிலா இருக்குங்கய்யா, தலையில போட்டுக்கங்க" என்று அவரிடம் கொடுத்தான். கொடுத்துவிட்டு முன்பக்கம் திரும்பி, நின்ற இடத்திலேயே நின்றான். அவர் அதை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். அடுத்த மாதம் சபையில் அவர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என்னைக் கோபிக்கவும் இல்லை. அந்தத் தேர்தலோடு அரசியலை விட்டுவிட்டார். இரண்டு செய்தி இதில் இருக்கிறது. வலையின் கண்ணி மாறிவிட்டது என்பது ஒன்று. அது மாறியதை மரியாதையோடு ஏற்றுக்கொள்கிறவர்களும் அந்தச் சபையில் இருக்கிறார்கள் என்பது மற்றொன்று.

பாம்பனில் வலை உலர்த்துகிற மணல்திட்டைத் தன் பட்டா நிலம் என்று ஒருவர் வேலி போட்டபோது, கூலி வாங்காமல் வாதாடி நீ அதை மீட்டுக் கொடுத்தாய். தீர்ப்பு வந்த அன்று நான் கோர்ட்டின் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், உனக்குத் தெரியாது. நீதிபதி கேட்ட கேள்விக்கு, அந்த மணலில் எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் வலை விரிப்பார்கள் என்று நீ விளக்கியதைக் கேட்டேன். அந்த மணலில் நீ நடந்து பார்த்திருக்கிறாய் என்று அப்போது தெரிந்துகொண்டேன். எந்தச் சபையும் அதை உனக்குச் சொல்லித்தரவில்லை. எந்தப் பெரிய மனிதருக்கும் முகம் தெரிந்ததால் அந்த வழக்கை நீ வெல்லவில்லை. மிக்கேல் உன்னைத் தேடி வந்தது அந்த வழக்குக்காக. அதை ஒரு தகுதியாக நீயே எண்ணவில்லை என்பதுதான் மேலே எழுதிய ஐந்தையும்விட எனக்குப் பெரிய குறை.

சுயேச்சையாக நின்றால் தோற்றுவிடுவேன் என்பாய். தோற்கலாம். கட்சிகளுக்குக் கார் இருக்கிறது, கொடி இருக்கிறது. உனக்கு மிக்கேலின் படகும் அவருடைய வாயும்தான் இருக்கும். ஆனால் தீவிலும் கரையிலும் ஒவ்வொரு குப்பத்துக்கும் நீ போவாய். அந்தச் சனங்கள் தங்கள் சார்பில் ஒருவனை நிறுத்தி, அவனுக்காக ஓட்டுக் கேட்டுப் பழகுவார்கள். அந்தப் பழக்கம் அவர்களுக்கு இதுவரை கிடைத்ததில்லை. நீ தோற்றாலும் அது அவர்களிடம் தங்கும். அடுத்த முறை வேட்பாளர் உன்னைப் போன்ற உள்நாட்டானாக இருக்க வேண்டிய அவசியம்கூட இராது. மிக்கேலின் மகனோ மகளோ நிற்கலாம். அன்று அவர்களுக்கு ஏஜெண்டாக நீ சாவடியில் உட்கார்ந்தால், சட்டசபையில் உட்காருவதைவிட எனக்கு அது பெருமை. வென்றால் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சபையை நான் உனக்கு மூடிவிடவில்லை. உனக்கு நாற்பது வயதாகும்போது, எந்தப் பதவியும் கையில் இல்லாமல், எதுவும் வேண்டாமல், பிடிக்காதவனோடு உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள மட்டும் வருவாயானால் வா. நான் உயிரோடும் உறுப்பினனாகவும் இருந்தால் முன்மொழிகிறவன் நானாக இருப்பேன். அன்று பெட்டியில் வெள்ளை விழும்.

கடைசியாகக் குசலம். உன் அம்மா சுகம். எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒன்றுமில்லை. மருமகளையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்.

இனி, நான் எதிர்பார்ப்பது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறாயா இல்லையா என்பதையும், மிக்கேலுக்கு உன் பதில் என்ன என்பதையும் எழுத்தில் தர வேண்டும். உன் அம்மாவிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் ஏற்கமாட்டேன். என் வாதத்தில் எங்கே பிழை என்று உனக்குப் பட்டாலும் தயங்காமல் எழுது. அதையும் அச்சிடச் சொல்வேன். பத்திரிகைக்காரரிடம் பேசியிருக்கிறேன். என் கடிதம் தனியாக வராது. உன் பதிலோடு ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் வரும். பதில் வராவிட்டால், என் கடிதத்துக்குக் கீழே உன் பெயரை மட்டும் போட்டுவிட்டு, மிச்ச இடத்தை வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். அச்சுக்கூடத்தில் அப்படி வெற்றிடம் விடுவது வழக்கமில்லையாம். ஒரு சோப்பு விளம்பரமாவது போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அந்த இடம் நிரம்பிவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

கார்த்திகை 25, மாலைத் தபாலுக்குள் உன் பதில் என் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
உன் அய்யா